கிளினிக் கம்ப்யூட்டரும் சுப்பன் அண்ணன் காலும்

5 நவம்பர் 2024, செவ்வாய்

தோட்டத்துக் கிளினிக் கம்ப்யூட்டரில் இன்றும் லைன் கட்டானது. தேயிலைக்கு மருந்து அடிக்கிற சுப்பன் அண்ணனுக்குக் காலில் சர்க்கரைப் புண். செவ்வாய்தோறும் கீழே டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் அந்தக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் அவரைப் பார்க்கிறார். "சுப்பன், அந்த ரெண்டு விரலையும்—" என்றாராம். படம் அப்படியே நின்றுவிட்டது. நர்ஸ் விக்னேஸ்வரி போன் செய்ததற்கு, இனி அடுத்த செவ்வாய்தான் என்றார்களாம்.

நான் ஆபீஸ் கிராணி, கணக்கு எழுதுகிறவன். கம்ப்யூட்டரும் என் தலையில்தான். மழைதான் காரணம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

6 நவம்பர்

மழை இல்லை. நாலு தடவை கட்டானது. மோடம் மாற்றினேன். அப்புறமும் கட்.

8 நவம்பர்

விக்னேஸ்வரி கேட்டாள்: "அதே வைஃபையில என் போன் நல்லா ஓடுதுலா அண்ணே. கம்ப்யூட்டருக்கு மட்டும் மழையா?"

இதை முதல் நாளே நான் பார்த்திருக்க வேண்டாமா? நெட்வொர்க் கார்டை ஓட்டுகிற டிரைவர் மென்பொருள் போன மாதம் மாறியிருக்கிறது. மாற்றியது யார்? நானேதான். புதுசு வந்திருக்கு என்று காட்டியதும் அமுக்கிவிட்டேன்.

9 நவம்பர்

பழைய டிரைவரைப் போட்டேன். மூன்று மணி நேரம் கட்டாகவில்லை. அப்பாடா.

11 நவம்பர், திங்கள்

திரும்பவும் கட். ஞாயித்துக்கிழமை விண்டோஸ் தானாவே புது டிரைவர ஏத்திக்கிச்சு. எவன் கேட்டான் ஒன்ன? நான் எடுக்க எடுக்க அது போடுது. தூக்கித் தேயிலைக்குள்ள வீசிடலாம்னு இருக்கு.

சாயங்காலம், தானாக ஏற்றிக்கொள்வதைத் தடுத்துவிட்டேன். மூன்று தடவை அணைத்துப் போட்டும் பழையதே இருக்கிறது.

12 நவம்பர், செவ்வாய்

லைன் கட்டாகாமல் இருக்கிறது. சுப்பன் அண்ணன் வரவில்லை.

அவர் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். காலைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வாரமாகப் புண்ணைக் கழுவக்கூட இல்லை. வெட்டப்போற விரலுக்கு எதுக்கு மருந்து என்றார். ஏழு நாள் — அந்த அரைப் பேச்சை வைத்துக்கொண்டு.

"அண்ணே, மழையால இல்ல. நான் செஞ்ச வேலை."

"டாக்டர் என்னா சொன்னாருன்னு ஒனக்குத் தெரியுமா கிரகரி?"

தெரியாது என்றேன். அவர் சிலிப்பரைத் தேடினார்.

கிளினிக்கில் டாக்டரோடு நாற்பது நிமிடம் ஓடியது, ஒரு தடவைகூடக் கட்டாகவில்லை. போன வாரம் டாக்டர் சொல்ல வந்தது, ரெண்டு விரலையும் காப்பாற்றிவிடலாம் என்று. இன்று பார்த்துவிட்டு, சுண்டுவிரலை எடுக்கணும் என்றார்.

15 நவம்பர்

எடுத்துவிட்டார்கள்.

26 நவம்பர், செவ்வாய்

காலில் போட்ட துணிக்கட்டைப் பிரித்து டாக்டரிடம் காட்டினார்கள். காயம் ஆறுகிறது. லைன் கட்டாகவில்லை. முடிந்ததும் அண்ணன் எழுந்திருக்க என் தோளைப் பிடித்தார். வாசல்வரை பிடியை விடவில்லை.