ஓய்வுநாளில் மூடிய இணைப்பகம்

1906 நவம்பர் 12, கிளென்டோரன், மானிட்டோபா, கனடா

காலையில் என் மனைவி எஃபிக்கு மீண்டும் மூச்சு முட்டியது. மருத்துவரைச் சென்று அழைத்துவர ஒரு பகல் முழுதும் ஆகிறது. பண்ணை வீடுகளுக்குக் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று தொலைபேசிக் கம்பெனி மறுபடியும் கைவிரித்துவிட்டது. நகரத்து வணிகன் இறைச்சி விலையைக் கம்பியில் விசாரிக்கலாம். எஃபியின் உயிருக்காக நான் ஒரு சொல் பேசலாகாது. ஊராட்சியே வரிப்பணத்தில் கம்பி இழுக்க வேண்டுமென்று, மன்ற உறுப்பினன் என்ற முறையில் தீர்மானம் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் வாக்கெடுப்பு.

நவம்பர் 26

பள்ளிக்கூடத்தில் கூட்டம். என்னோடு திருச்சபை மூப்பராகவும் ஊராட்சி மன்ற உறுப்பினனாகவும் இருக்கும் லாக்லன் எழுந்தான்.

"டூகல், உன் வீட்டு மணி அடிக்க என் கோதுமை வரி கட்டணுமா? பத்து வீட்டுக்கு ஒரே கம்பியாமே. எஃபி இருமினா என் பொண்டாட்டி காதை வச்சுக் கேட்பா. இப்பவே அடுப்பு பத்தவைக்க நேரமில்லங்கிறா."

எல்லோரும் சிரித்தனர். லாக்லன் விடவில்லை.

"வேலையே செய்யக்கூடாத ஓய்வுநாள், ஞாயித்துக்கிழமையிலயும் அது அடிக்குமே. அதுக்கு என்னப்பா சொல்ற?"

சிரிப்பு அடங்கிவிட்டது.

டிசம்பர் 3

மூப்பர்களின் ஆதரவின்றித் தீர்மானம் தோற்கும். ஆகவே நானே ஒரு பிரிவைச் சேர்த்தேன்: ஞாயிறு முழுவதும் தொலைபேசி இணைப்பகம் மூடியிருக்கும், மீறி இணைப்பு கொடுப்பவர் வேலை இழப்பார். எஃபிக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு மூச்சு முட்டாதுன்னு கர்த்தர்கிட்ட கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள்.

சிரித்தாளா? நான் முகத்தைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 18

வென்றோம்.

1907 ஆகஸ்ட் 20

சுவரில் தொலைபேசிப் பெட்டி வந்துவிட்டது. அஞ்சலகத்தில்தான் இணைப்பகம்; அதன் பின்னறையில் குடியிருக்கும் கிர்ஸ்டி என்ற பெண் இணைப்புகளைக் கொடுக்கிறாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

எஃபியின் உதடுகள் நீலமாயின. மூடியிருக்கிறது என்று அறிந்தே பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினேன். மறுபடியும் சுற்றினேன் — ஆண்டவரே, உமது நாளைக் காக்கிறேன் என்றுதானே எழுதினேன்? என்ன செய்துவிட்டேன்? இவள் போனால் நான் என்ன பண்ணுவேன்? — ஊமை மரப்பெட்டியின்மேல் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன்.

பிறகு ஒரு குரல். "யாரு, டூகல் மக்ரே ஐயாவா? இன்னிக்கு ஞாயிறுங்களே."

"எஃபி," என்றேன். வேறு சொல் எழவில்லை.

"வைக்காதீங்க ஐயா. டாக்டரைப் பிடிச்சுத் தரேன்."

மருத்துவர் வந்தபோது அவளுக்கு மூச்சிருந்தது.

அக்டோபர் 8

கம்பியில் பேசியதைப் பத்து வீடும் கேட்டிருந்தது. ஊராட்சி மன்றம் கூடி கிர்ஸ்டியை விசாரணைக்கு நிறுத்தியது.

"பிரிவை எழுதினது யாரு?" என்றான் லாக்லன்.

"நான்."

"அப்ப நீயே படி."

படித்தேன். அதை நீக்குமாறு மன்றாடினேன். என்னையன்றி ஒருவர்தான் கை உயர்த்தினார். கிர்ஸ்டிக்கு வேலை போயிற்று. வாசலில் அவளை எதிர்கொள்ளக் கூசி நின்றேன்.

"எஃபி அம்மா சாப்பிடுறாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

எஃபி சாய்ந்தமர்ந்து ஓட்ஸ் கஞ்சி அருந்தினாள். லாக்லனின் மனைவி அழைக்காமலே துணைக்கு வந்து அமர்ந்துகொண்டாள்; என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆலயத்தில் கிர்ஸ்டி கடைசிப் பலகையில் தனியே இருந்தாள். முன்வரிசையில் மூப்பர்கள் எனக்கு இடம் விட்டிருந்தனர். நான் அங்கே செல்லவில்லை. அவளருகில் அமர்ந்தேன். மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்திருந்தேன்; அவள் சங்கீதப் புத்தகத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்து, எனக்காகச் சற்று உரக்கப் பாடினாள்.