தலைக்கட்டு

மஞ்சூர்,
தை மாதம், ஞாயிறு காலை.

அன்புள்ள பிராங்ளினுக்கு,

நான் நலமாகவே இருக்கிறேன். நீங்களும் உங்கள் தங்கை ஹன்னா வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இன்று எழுந்ததும் முதல் வேலையாக ஜன்னல் திரையை விலக்கி, வாசலில் காட்டெருமை நிற்கிறதா என்று பார்த்தேன். நின்றது. உறைபனியில் வெளுத்துக் கிடந்த புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. அது தேயிலைக்குள் இறங்கிப் போகும்வரை கதவைத் திறக்காமல் ஜன்னலிலேயே நின்றேன். அதன் முதுகில் ஆவி பறப்பதை யாருக்காவது காட்ட வேண்டும் போலிருந்தது. திரும்பிப் பார்த்தால் வீட்டில் யாரும் இல்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் "சாப்பிட்டியா" என்பீர்கள், நான் "ஆச்சு" என்பேன். அதற்குப் பிறகு கேட்பதெல்லாம் கடற்காற்றின் இரைச்சல்தான்.

இங்கே பனியில் கொழுந்தெல்லாம் கருகிவிட்டது. ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள்தான் ஓடுகிறது. பள்ளியில் திருப்புதல் தேர்வு நடக்கிறது. பக்கத்து வீட்டு மூக்கம்மா மாலையில் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். அவளுக்கு உங்கள் மேல் கோபம். நேற்றுகூட, "ஏனுங்க டீச்சர், அந்தக் கடலு அவருக்கு என்னத்த வெச்சிருக்குதுங்க? நீங்க இங்க ஒத்தையில கெடக்கறீங்க" என்று கேட்டாள். நீங்கள் அனுப்பிய வீடியோவைக் காட்டினேன். மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிறு கட்டி, கடல்புல்லை முடிந்து, நீங்களும் ஊர்க்காரர்களும் தண்ணீருக்கடியில் இறக்கி வைக்கிறீர்களே, அதை. இரண்டு முறை பார்த்துவிட்டு, "நம்ம நாத்து நடற மாதிரியேதான் இருக்குது. களை எடுக்க ஆளு வேணுமான்னு கேளுங்க" என்றாள். அவள் சிரித்ததில் நானும் சிரித்தேன்.

புதன்கிழமை ஹன்னா பேசினாள். நீங்கள் என்னிடம் சொல்லாததை எல்லாம் அவள்தான் சொன்னாள். கோயில் திருவிழாக் கொடி இறங்கியதும் ஊர்க்கூட்டம். கடல்புல் நட்டு மிதவை போட்டுத் தடுத்த இடத்தில் இழுவை வலை போகக்கூடாது என்று ஊர் போட்ட கட்டுப்பாட்டை நீட்டிப்பதா, விடுவதா என்று அன்று முடிவாகும். நண்டும் கணவாயும் திரும்பி வந்துவிட்டன, இனி எதற்குத் தடை என்று ரொனால்டும் மற்ற விசைப்படகுக்காரர்களும் கேட்கிறார்களாம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாம். இத்தனைக்கும் நடுவே, அந்தக் கட்டுப்பாட்டுக்காக வீடு வீடாக அலைந்த உங்களுக்குக் கூட்டத்தில் எழுந்து பேச வாய் இல்லை.

காரணத்தைக் கேட்டபோது எனக்கு முதலில் புரியவில்லை. உங்கள் ஊரில் பேச்சும் ஓட்டும் தலைக்கட்டுக்குத்தானாம். மனைவியோடு குடியிருந்து, சொந்த வீட்டில் உலை வைக்கிறவன்தான் தலைக்கட்டு. உங்களுக்கு வீடு இருக்கிறது, படகு இருக்கிறது, வரியும் கட்டுகிறீர்கள். ஆனால் சாப்பாடு ஹன்னா வீட்டில். "தங்கச்சி வூட்டுச் சோறு திங்கிறவனெல்லாம் தலைக்கட்டா?" என்று ரொனால்ட் கோயில் வாசலில் வைத்தே கேட்டானாம். புகை வந்தால்தான் ஆள் என்றால் கேஸ் அடுப்பில் புகைக்கு எங்கே போவது என்று கேட்டேன். ஹன்னா சிரிக்கவில்லை. கூட்டத்துக்கு முன்னால் நான் ஒரு வாரம் வந்து உலை வைத்தால் போதும், பெரியவர்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் அப்பா இறந்து, நீங்கள் இங்கிருந்த மின்நிலைய வேலையை விட்டு அவர் படகை எடுக்கப் போனபோது, நான் அம்மாவுக்காக இங்கே தங்கினேன். அம்மாவை அங்கே அழைத்துப் போக எவ்வளவு கெஞ்சினோம். "சிலோன்லருந்து கப்பல்ல ஏத்தி மண்டபத்துல எறக்குனாங்க. அந்தத் தண்ணியப் பாத்தது போதும்" என்று ஒரே பிடியாக இருந்துவிட்டாள். அவள் ஆடியில் போனாள், ஆறு மாதம் ஆகிறது. இனி எதற்கு அங்கே இருக்கிறாய் என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. காரியம் முடிந்து பஸ் ஏறும்போது கேட்பீர்கள் என்று ஸ்டாண்டு வரை கூடவே வந்தேன். உடம்பைப் பார்த்துக்கொள் என்றீர்கள். வந்து சேர் என்று என்னை யாரும் அழைக்காமல், உலை வைக்க மட்டும் ஆள் தேடுகிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

போனை வைக்கப் போகும்போதுதான் ஹன்னா அதைச் சொன்னாள். "மைனி, நான் பேசுனது அண்ணனுக்குத் தெரியாது. உங்களக் கூப்பிடுன்னு எத்தன தடவ சொல்லிட்டேன். ஓட்டுக்காக அவளக் கூப்பிட்டா, அவளுக்காகக் கூப்பிட்டதா எப்பவும் ஆகாதுங்கான்."

அன்றிலிருந்து மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. நீங்கள் அங்கே கேட்காமல் இருந்தீர்கள், நான் இங்கே நீங்களாகக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். இப்போது நீங்கள் கேட்டாலும் தப்பு, நீங்கள் கேட்காமல் நான் வந்தாலும் ஊர்க்காரர்கள் ஓட்டுக்கு வந்தவள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கொடி ஏறுவதற்கு முன்பே வருகிறேன். வரும்போது பள்ளியில் லீவுதான் சொல்வேன். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் வேலையை விட்டு, வீட்டையும் ஒப்படைத்துவிட்டு அங்கேயே வந்துவிடுவேன். இதை ஹெட்மாஸ்டரிடமோ மூக்கம்மாவிடமோ ஹன்னாவிடமோ இன்னும் சொல்லவில்லை. கூட்டத்தில் நீங்கள் நன்றாகப் பேசுங்கள். உங்கள் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்று நானும் வேண்டிக்கொள்கிறேன். தோற்றாலும், மறுநாள் காலையில் அந்த வீட்டில் நான் இருப்பேன்.

கடலுக்குள் பத்திரமாகப் போய் வாருங்கள். என்னை அழைத்துப்போக பஸ் ஸ்டாண்டுக்கு நீங்களே வாருங்கள், வேறு யாரையும் அனுப்ப வேண்டாம்.

உங்கள்
ரஞ்சனி