பூசணித் திருவிழாவுக்குப் போன அன்று அப்பா சொன்னது

சாந்தோம்,
அக்டோபர் 28

அன்பு மகன் ஆஸ்வினுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், பசிக்கிறது, தூக்கமும் வருகிறது, இந்த வயதில் வேறென்ன வேண்டும். நீயும் ஷ்ரேயாவும் குட்டி ஜொவிட்டாவும் அந்தக் குளிர் ஊரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இந்த ஜெபமாலை மாதம் முழுக்க முதல் பத்து மணிகளை உங்களுக்காகவே சொல்லி வருகிறேன். தினமும் வீடியோவில் பார்க்கிறோமே, அம்மா எதற்குப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் அப்பா என் தோளோடு ஒட்டி உட்கார்ந்திருப்பார், அவரை வைத்துக்கொண்டு சொல்லக்கூடியது இல்லை இது, அவர் இல்லாதபோது வாட்ஸப்பில் தட்டிவிடக்கூடியதும் இல்லை. அதனால் நிதானமாகப் படி, ஆபீஸில் பிரிக்காதே, வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படி.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. மொட்டை மாடிக் கதவு வழக்கம்போல உப்பிப்போய், மூட ஒருத்தர் தள்ள ஒருத்தர் இழுக்க வேண்டியிருக்கிறது. நீ போன மாதம் அனுப்பினாயே, பண்ணை ஒன்றில் நடந்த பூசணித் திருவிழாப் படங்கள், வைக்கோல் வண்டியில் ஜொவிட்டா உட்கார்ந்திருப்பதும் தன்னைவிடப் பெரிய பூசணியைக் கட்டிக்கொண்டு நிற்பதும், அவற்றை அப்பா எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தார் என்று எனக்குத்தான் தெரியும். அன்று போனில் ஷ்ரேயா சிரித்துக்கொண்டே, "ஆன்ட்டி, அங்க இருந்த மூணு மணி நேரமும் உங்க பையன் அவ கையை விடவே இல்ல, குழந்தைக்குக் கையே செவந்து போச்சு" என்றாள். நானும் சிரித்தேன். அப்பா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார், சிக்னல் சரியில்லை என்று சொன்னார். அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை.

போன சனிக்கிழமை பெசன்ட் நகரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நம்மூர்க்காரர்களே ஒரு பூசணித் திருவிழா வைத்தார்கள். என்னோடு வேலை பார்த்த ஜெயஸ்ரீ டீச்சர் ஞாபகம் இருக்கிறதா, அசோக் நகரில் இருப்பவள், ரிட்டையர் ஆன பிறகு மாடித்தோட்டம் போடுகிறவர்களையெல்லாம் கூட்டிச் சேர்த்து இதை நடத்துகிறாள். நம் மாடியில் தொட்டியில் காய்த்த மஞ்சள் பூசணி ஒன்றை அப்பா துண்டில் சுற்றிக் குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். அங்கே போய்ப் பார்த்தால் நம்முடையது எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தது, அவ்வளவு பெரிது பெரிதாக வைத்திருந்தார்கள். வரிப் பூசணி, பச்சைப் பூசணி, சுரைக்காய்போல நீண்டது, திருஷ்டி கழிக்கிற வெள்ளைப் பூசணி, எல்லாம் பந்தலுக்குக் கீழே வரிசை வரிசையாக. பிள்ளைகள் பூசணிக்கு மீசையும் பொட்டும் வரைந்துகொண்டிருந்தார்கள். நம் கீழ்வீட்டு ஷகீலா பூசணி அல்வா கிண்டிக்கொண்டு வந்திருந்தாள், பத்தரை மணிக்கெல்லாம் பாத்திரம் காலி. எடையைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் போட்டியில் அப்பா சீட்டு எழுதிப் போட்டார், பரிசு கிடைக்கவில்லை, தராசில்தான் கோளாறு என்று சொல்லிக்கொண்டே திரிந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு மனிதர் சந்தோஷமாக இருக்கிறார் என்று நினைத்தேன்.

பதினொரு மணி இருக்கும். சிவப்புக் கவுன் போட்ட ஒரு குட்டிப் பெண், ஐந்து வயதுதான் இருக்கும், பூசணிக் குவியலுக்குப் பின்னால் நின்று விசும்பிக்கொண்டிருந்தாள். அப்பாதான் முதலில் பார்த்தார். பக்கத்தில் போய், முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து, பேர் என்னம்மா என்று கேட்டார், அது வாயே திறக்கவில்லை. மைக்கில் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணின் அப்பன் கையில் போனோடு ஓடி வந்தான், வந்த வேகத்தில், "உன்னை எங்க நிக்கச் சொன்னேன், எங்க வந்து நிக்கிற" என்று கையை ஓங்கினான். அடி விழவில்லை. அப்பா எழுந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். எழுபத்தொரு வயதில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. "அடிக்காதீங்க சார். குழந்தை தொலையல. நீங்கதான் தொலைஞ்சு போனீங்க" என்றார். அவன் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனான். அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. "ஐவி, சில்ரன்ஸ் பார்க் போலாம் வா" என்றார். எந்த சில்ரன்ஸ் பார்க் என்றேன். "கிண்டி. நம்ம ஆஸ்வினைக் கூட்டிக்கினு போவமே" என்றார்.

எங்களை ஏற்றி வந்த அமீன் பாய் ஆட்டோ வாசலிலேயே நின்றது. "இன்னா நைனா, மேல பாரு, மழ ஊத்துற மாதிரி கீது, இப்போ போயி பார்க்கா" என்று அவர் கேட்டதற்கு அப்பா, "நனைஞ்சா நனையட்டும், நீ வண்டியை எடு" என்று சொல்லிவிட்டார். எலியட்ஸ் பீச் ஓரமாகத்தான் திரும்பினோம். நீ சோளக்கதிரில் மிளகாய்ப்பொடி அதிகமாகி நாக்கை நீட்டிக்கொண்டு ஓடிய இடம், அலைக்குள் ஒரு செருப்பை விட்டுவிட்டு இன்னொன்றைப் போட்டுக்கொண்டே வீடுவரை வந்த இடம், எல்லாம் வந்து வந்து போயிற்று. நான் சொல்லிக்கொண்டே வந்தேன், அப்பா கேட்கவில்லை. பார்க்கை இப்போது புதிதாகக் கட்டி அழகாக வைத்திருக்கிறார்கள், ஆனால் மான்கள் அதே மான்கள் மாதிரிதான் இருக்கின்றன, பக்கத்தில் பாம்புப் பண்ணைக்கு அதே மாதிரி பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை. அப்பா நேராக மான் வேலிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தூறல் விழ ஆரம்பித்தது, குடையைப் பிடித்தேன், அதற்குக் கீழே நின்றுதான் சொன்னார்.

உனக்கு அப்போது ஏழு வயது. என் தம்பி குடும்பம் ஊரிலிருந்து வந்திருந்தது. நான் அவர்களைப் பாம்புப் பண்ணைக்குக் கூட்டிப் போனேன், உனக்குப் பாம்பு பயம், நீ அப்பாவோடு நின்றாய். திரும்பி வந்தால் உன்னைக் காணோம். மெயின் ரோட்டில், பஸ்ஸும் லாரியும் போகிற ரோட்டில், டிராபிக் போலீஸ்காரர் ஒருவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையை உதறிவிட்டு ஓடிவிட்டான் என்று அப்பா சொன்னார், அத்தனை பேர் முன்னால் உன்னை அறைந்தார். நம் வீட்டில் அந்தக் கதையைச் சொல்லாத நாள் உண்டா. நீ கோயிலில் முதல் நன்மை வாங்கிய விருந்தில் சொன்னார், உன் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னார், ஏர்போர்ட்டில்கூட, அன்னைக்குக் கையை விட்டு ஓடினவன் இப்போ கனடாவுக்கே ஓடுறான் என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். நீயும் கூடச் சிரித்தாய்.

நீ ஓடவில்லையாம். "இந்த வேலிகிட்டயே நில்லு, அசையாதேன்னு சொல்லிட்டு நான்தான் ஐவி போனேன். வெளிய டீக்கடை டிவில மேட்ச் ஓடிக்கினு இருந்தது. ஒரு ஓவர் பார்க்கலாம்னு போனவன் முக்கால் மணி நேரம் நின்னுட்டேன். புள்ள இங்கயே நின்னு பார்த்துட்டு, என்னைத் தேடிக்கினு ரோட்டுக்கு வந்திருக்கான். அவனை அறைஞ்சப்போ என் முகத்தையே பார்த்தான், ஒரு வார்த்தை சொல்லல" என்றார். பயத்தில் அடித்தேன் என்று முதலில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாராம், பிறகு பொய்யையே திருப்பித் திருப்பிச் சொன்னதில் அதுவே நடந்ததுபோல ஆகிவிட்டதாம். "பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட எத்தனையோ தடவை சொல்லிட்டேன். சொல்ல வேண்டியவன்கிட்டதான் இன்னும் சொல்லல" என்றார். நாற்பத்திரண்டு வருஷம் அவரோடு வாழ்ந்தவள், அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது, நிஜமாகவே வந்தது, குடையை அவர் கையில் கொடுத்துவிட்டு மழையில் தள்ளிப் போய் நின்றேன். ஒரு பீகாரிக் குடும்பம் எங்களை வேடிக்கை பார்த்தது. பிறகு என்ன செய்வது, ஒரே ஆட்டோவில்தானே திரும்ப வேண்டும்.

ஆனால் ஆஸ்வின், கோபம் தணிந்து யோசித்தால் நான் என்ன யோக்கியம். அன்று வீட்டுக்கு வந்து உன்னை மாதா படத்துக்கு முன்னால் முழங்கால் போட வைத்தது நான்தானே. ஏன் ஓடினே என்று கேட்டேன், நீ சொல்லவில்லை, ஓடினியா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. முப்பது வருஷம் வகுப்பில் பிள்ளைகளை நிற்க வைத்து விசாரித்தவள், என் பிள்ளையிடம் அதைக் கேட்கத் தோன்றவில்லை. நீ ஏன் சொல்லாமல் இருந்தாய் கண்ணு, அப்பாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்றா, சொன்னால் அம்மா நம்பமாட்டாள் என்றா. இரண்டாவதுதான் என்றால் அதை என்னிடம் சொல்லிவிடு, தாங்கிக்கொள்வேன். என் பங்குக்கு நான் இதோ எழுத்திலேயே கேட்கிறேன், அம்மாவை மன்னித்துக்கொள்.

அப்பா எழுதவில்லை. எழுத்தில் ஒளிந்துகொள்ள மாட்டேன், வாயால்தான் சொல்வேன் என்கிறார். ஆனால் திடீரென்று சொன்னால் நீ நிலைகுலைந்துபோவாய், முன்கூட்டியே சொல்லி வை என்று என்னை எழுதச் சொன்னதும் அவர்தான். நவம்பர் இருபத்து மூன்று, உன் பிறந்தநாளன்று, உங்களுக்குச் சாயங்காலம் ஆகும்போது கூப்பிடுவார். நான் பக்கத்தில் இருக்கமாட்டேன், ஷகீலா வீட்டுக்குப் போய்விடுவேன்.

வரும் ஞாயிறு கல்லறைத் திருநாள், தாத்தா பாட்டி கல்லறைக்கு வெள்ளையடித்தாயிற்று, உன் பேரிலும் ஒரு மெழுகுவர்த்தி வைக்கிறேன். குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. நீ காலையில் சாப்பிடாமல் காபியோடு ஓடாதே, ஷ்ரேயா சொல்லிவிட்டாள். உங்கள் மூன்று பேருக்கும் ஆண்டவரின் ஆசீரும் மாதாவின் பாதுகாப்பும் எப்போதும் இருக்கட்டும்.

மறக்காமல் ஒன்று. உன் குணம் எனக்குத் தெரியும், அப்பா தடுமாறினால் உனக்குத் தாங்காது, "பரவாயில்லப்பா, அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன்" என்று நடுவில் சொல்லிவிடுவாய். சொல்லாதே. நடுவில் நிறுத்தினாலும் காத்திரு, இருமினாலும் காத்திரு. அவர் கடைசிவரை சொல்லி முடிக்கட்டும்.

என்றும் உன் அம்மா,
ஐவி ஞானதாஸ்