கன்னத்தில் போட்ட ஊசி

ஜூலை 12, சனிக்கிழமை, இரவு

எண்ணெய்க் குளியலுக்கு நான் போயிருக்கவே கூடாது.

துபாயிலிருந்து வந்ததும் பார்க்கிறவர்களெல்லாம், "கன்னம் ஒட்டிப் போச்சே, சுகரா?" என்றார்கள். மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களும் அதையே கேட்டுவிடுவார்களோ என்று பயந்து, வீட்டில் சொல்லாமல் தென்காசியில் கன்னத்தை உப்ப வைக்கிற ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்டேன். நேற்றுத்தான். "ரெண்டு வாரத்துக்குக் கன்னத்தை அமுக்கக் கூடாது. தோல் வெளுத்தாலோ கண் மங்கினாலோ எந்நேரமானாலும் உடனே வரணும்" என்றார் டாக்டர்.

இன்று மச்சான் குற்றாலத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். எண்ணெய் தேய்க்கிறவர் முகத்தில் கை வைத்ததும், "அண்ணாச்சி, இங்கன நீர் கோத்துக் கெடக்கு. நீவி விடுதேன்" என்றார்.

"நல்லா அமுக்கி விடும்வே" என்றான் மச்சான்.

ஊசி போட்டதை அவன் முன்னால் எந்த வாயால் சொல்வேன்? பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

இப்போது இடது கன்னம் விண்விண் என்று தெறிக்கிறது. மூக்கோரம் வெளுத்திருக்கிறது. டியூப்லைட் வெளிச்சமாக இருக்கும்.

எழுதுவதெல்லாம் மங்கலாகத் தெரிகிறது. மூக்குக்கண்ணாடியைத் தேடினேன்.

போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.