சமையற்காரனின் நாழிகைச் சிரட்டை

பவழவரை நாட்டின் கடலும் கரையும் காக்கும் பேரரசி செங்கோதையாரின் ஆணைதாங்கி, கலத்தலைவன் கடலன் எயினன், சங்குத்தீவிலிருந்து எழுதுவது. வெண்டுறையின் தலைவர், ஏழு கலங்கரை விளக்குகளின் காவலர், மாண்புமிகு பெருஞ்சாத்தனார் காண்க. தங்கள் துறையில் காற்று இணங்குக, கலங்கள் நிறைக.

தீவின் கிணறுகளில் கடல் புகுந்ததையும், காவற்படையினர் இருநூற்றுப் பன்னிருவருக்குக் குடிநீர் அற்றுவருவதையும் தாங்கள் அறிவீர்கள். தண்ணீர்க் குடங்களுடன் தங்கள் துறையிலிருந்து கிழக்கே புறப்பட்டோம். தீவோ கோரைப்பாய்போல் தட்டையானது. அருகில் சென்றாலன்றித் தெரியாது.

துருவமீனின் உயரம் வடக்கையும் தெற்கையும் சொல்லும். கிழக்கே வந்த தொலைவைச் சொல்ல நாழிகை வேண்டும். அடியில் துளையிட்ட வட்டிலை நீரில் மிதக்கவிட்டால் நாழிகைக்கு ஒருமுறை, நாளுக்கு அறுபது முறை, நிறைந்து மூழ்கும்; துறையின் உச்சிப்பொழுதிலிருந்து அது மூழ்குவதை எண்ணிவருகிறோம். கடலில் சூரியன் உச்சியேறும்போது அவ்வெண்ணிக்கையைப் பார்க்கிறோம். உச்சி எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு கிழக்கே வந்துள்ளோம். அதற்காகவே அரசியார் செப்பு வட்டிலை அளித்தார். அரச பொருள் என்பதால் நாள்தோறும் அதைப் புளியும் மணலும் இட்டுத் துலக்கி, பூச்சூட்டி வணங்கச் சொன்னேன்.

பன்னிரண்டாம் நாள் உச்சியில், தீவுக்கு இன்னும் ஒருநாள் ஓட்டம் உண்டு என்றது வட்டில். சில நாழிகை கழித்துச் சமையற்காரன் அவியன் வந்து, தீவு இங்கேயே இருக்கிறது என்றான். சோறு வேகும் நேரம் பார்க்க அவன் வைத்திருக்கும் ஓட்டைச் சிரட்டைதான் அவனுக்குச் சாட்சி; துறையின் அதே உச்சியிலிருந்து அது மூழ்குவதை அவனும் எண்ணிவந்திருந்தான். மாலுமிகள் சிரித்தனர். குழம்பில் உப்புப் பார்க்கத் தெரியாதவன் கடலுக்கு வழி சொல்கிறான் என்றனர்.

சிரட்டை வட்டிலைப்போல் ஒரு நாளில் அறுபது முறை மூழ்குவதில்லை. ஐம்பத்தேழு முறையே மூழ்கும். துறையில் ஆறு ஆண்டுகளாக அவன் பார்த்த எந்நாளும் ஐம்பத்தேழுதான். பன்னிரு நாளில் அறுநூற்றெண்பத்துநான்கு ஆகும். வட்டிலில் எழுநூற்றிருபது வரவேண்டும். ஆனால் சிரட்டை தன் எண்ணிக்கையை முடித்த அப்பொழுதில், அந்த எழுநூற்றிருபதும் முடிந்து வட்டிலில் மேலும் கால்பங்கு நீர் ஏறியிருந்தது; அந்தக் கால் நாழிகைதான் கிழக்கே ஒருநாள் ஓட்டம். இரண்டில் ஒன்று மாறியுள்ளது. எது என்று கேட்டேன். என் சிரட்டையை யாரும் கும்பிடுவதில்லை ஐயா, அதனால் அது அப்படியே இருக்கிறது என்றான்.

வட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தேன். மணல் தேய்த்துத் துளை அகன்றிருந்தது. அதனால் அது விரைந்து மூழ்கி, எண்ணிக்கை கூடி, கிழக்கே வந்த தொலைவைக் குறைத்துக் காட்டியது. துறையில் ஒவ்வோர் உச்சியிலும் புதிதாக எண்ணத் தொடங்குவதால் இப்பிழை நம் கண்ணில் பட்டதே இல்லை.

காற்றோடு ஒருநாள் கிழக்கே போனால், எதிர்க்காற்றில் திரும்ப நான்கு நாள். தீவில் எஞ்சிய நீர் அதுவரை தாங்காது. பாய்களை இறக்கச் சொன்னேன். பொழுது சாயுமுன் பாய்மர உச்சியில் இருந்தவன் தெற்கே தீவின் புகை கண்டு கூவினான். முதலில் சிரித்தவர்களே அவியனைத் தோளில் தூக்கினர்.

இருநூற்றுப் பன்னிருவரும் நீர் அருந்தினர். ஒருவரும் குறையவில்லை.

ஆதலால் ஆணை: இனி எக்கலத்திலும் வட்டிலைத் துலக்கலாகாது. ஒவ்வொரு வட்டிலையும் பத்துநாள் உச்சிக்கு உச்சி சோதித்து, பிழை எவ்வளவாயினும் அது நாள்தோறும் மாறாதிருப்பதையே ஏற்று, அவ்வளவை அதன் விளிம்பில் பொறிக்க. அவியன் கரையிறங்கும் நாளில் தாங்களே முரசுடன் எதிர்கொள்க. துலக்கச் சொன்னவன் நானே என்பதையும் சேர்த்து இவ்வோலையை அவையில் உரக்கப் படிக்க.

அரசியார் என்னிடம் ஒப்புவித்த சுறா முத்திரை இட்டேன். கொற்றம் ஓங்குக.