இருநூறு நிமிடம்

பள்ளிமுனை,
மன்னார்.
மே 6

இயேசு மரி சூசை துணை

மிகுந்த மரியாதைக்கும் அன்புக்கும் உரிய சிஸ்ரர் அருள்நாயகி அவர்களுக்கு,

உங்கள் கூடைப்பந்து அணியின் ஏழாம் இலக்கம் மதுஷிகாவின் அம்மா நிறஞ்சலா தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. ஹற்றன் மடத்தில் குளிர் தாங்க முடியவில்லை, முழங்கால் நோவு கூடிவிட்டது என்று நத்தார் மடலில் எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் போடாமல் நாலரை மாதம் இருந்துவிட்டேன். மறதியில்லை. ஏன் என்று இந்தக் கடிதத்திலேயே சொல்கிறேன்.

நாங்கள் எல்லோரும் ஆண்டவர் தயவால் சுகம். கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டதால் இவர் கிழமையில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகிறார். கடிதத்தோடு வரும் பொதியில் பாரைக் கருவாடு இருக்கிறது, இவர் தானே பார்த்துத் தெரிந்தெடுத்தது. குசினியில் மணக்கிறது என்று மற்றச் சகோதரிகள் சத்தம் போட்டால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

முதலில் சந்தோசமான செய்தி. உங்கள் பிள்ளைகள் மாகாணக் கிண்ணத்தை எடுத்துவிட்டார்கள் சிஸ்ரர். போன மாதம் இருபத்தைந்தாம் திகதி யாழ்ப்பாணத்தில், ஐம்பத்திரண்டுக்கு நாற்பத்தேழு. இந்தப் பருவத்தில் பதினான்கு ஆட்டம் ஆடி, பன்னிரண்டில் வெற்றி. கிண்ணம் இப்போது பள்ளி அதிபரின் கந்தோர் அலுமாரிக்குள், நீங்கள் விட்டுப்போன லூர்து மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆட்டத்துக்கு முன்னால் நீங்கள் பழக்கிய அதே செபத்தைத்தான் சொல்கிறார்கள். முருங்கன் லக்சிகா சைவப் பிள்ளை, அவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்வது.

கழுதைகள் இன்னும் மைதானத்தில்தான் படுக்கின்றன. நீங்கள் செபமாலையைச் சுழற்றிக்கொண்டு துரத்துவீர்களே, இப்போது புதிய பயிற்றுநர் ஸ்கூட்டர் ஹோனை அடிக்கிறா. ஹோனுக்கு அதுகள் எழும்புவதில்லை. அதுகளுக்குச் சிஸ்ரரிடம்தான் பயம் என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

புதிய பயிற்றுநரைப் பற்றி எழுதவேண்டும். பெயர் இன்ஷிரா. தாராபுரத்துப் பிள்ளை, வயது இருபத்தேழு, பல்கலைக்கழக அணியில் விளையாடியவ. ஜனவரியில் தற்காலிக நியமனத்தில் வந்தா. முக்காடும் நீளக் கையும் போட்டுக்கொண்டு மத்தியான வெயிலில் பிள்ளைகளோடு சேர்ந்து ஓடுவா. வந்த முதல் கிழமையே மதுஷிகாவிடமிருந்து தலைமைப் பொறுப்பை எடுத்து லக்சிகாவுக்குக் கொடுத்துவிட்டா. இரண்டாம் கிழமை ஒரு சிநேக ஆட்டம். என் மகள் பதின்மூன்று நிமிடம்தான் விளையாடினாள். மிச்ச நேரம் வெளியே வாங்கிலில் குந்தியிருந்தாள்.

எனக்குக் கணக்கெழுதும் வியாதி இருப்பது உங்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு இடப்பெயர்வில் பள்ளிக்கூடம் நின்று, பத்திரிகைத் துண்டு பார்த்து எழுத்துப் பழகியவள். எழுதி வைக்காவிட்டால் நடந்ததே நடக்காத மாதிரி இருக்கும் எனக்கு. உங்கள் காலத்திலும் ஒவ்வொரு ஆட்டத்திலும் யார் எப்போது உள்ளே போனது, எப்போது வெளியே வந்தது என்று கொப்பியில் குறிப்பேன். நீங்களும் அதைப் பார்த்துச் சிரிப்பீர்கள். அந்தக் கொப்பிதான் என்னைப் பாவத்தில் தள்ளியது.

பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிற தாய்மார் மரத்தடியில் நின்று கதைத்தார்கள். நாற்பது நிமிடம் நின்ற பிள்ளையை வாங்கிலில் குந்த வைச்சிருக்கிறா, கேட்க ஆளில்லையோ என்றார்கள். எங்கட மடத்துப் பள்ளிக்கூடத்துக்கு எங்கட ஆக்களில ஒருத்தர் கிடைக்கேல்லையாமோ என்றும் ஒருத்தி சொன்னாள். நிறஞ்சலா, உனக்குத்தானே எழுத வரும், அதிபருக்கு ஒரு பெட்டிசம் எழுதன் என்றார்கள். நான் எழுதினேன் சிஸ்ரர். திகதி, நிமிடம் எல்லாம் போட்டு, இரண்டு பக்கம். மரத்தடியில் சொன்ன அந்தச் சமயக் கதையையும் நல்ல தமிழில் மாற்றி, எங்கள் சமய ஒழுக்கம் அறிந்த ஒருவர் வேண்டும் என்று எழுதினேன். முப்பத்தொரு பேர் கையெழுத்து வைத்தார்கள்.

கடைசியில் ஒரு வரி இருக்கிறது. முன்னைய பயிற்றுநரான அருட்சகோதரி அவர்களும் இதே கருத்தையே கொண்டுள்ளார் என்று. நீங்கள் அப்படி ஒருநாளும் சொல்லவில்லை. நான் உங்களைக் கேட்கவுமில்லை. உங்கள் பெயர் இருந்தால் பாரமாக இருக்கும் என்று போட்டேன். நத்தார் மடலுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அந்த வரிதான் முன்னால் வந்து நின்றது.

இவர் அன்றைக்கே சொன்னார். மீன் கணக்கு எழுதின கையால இப்ப ஆக்களின்ர குடலை உருவத் தொடங்கிட்டாய் என்று. இரண்டு நாள் அவரோடு கோபமாக இருந்தேன். சொதி வைத்தேன், கதைக்கவில்லை.

பெட்டிசம் கொடுத்துப் பத்து நாளில் இன்ஷிரா எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினா. பெட்டிசத்தைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறா என்று நினைத்தேன். கதிரையைத் தட்டிப் போட்டு, தேத்தண்ணி ஊற்றினேன். அவ கேட்டது வேறு. அக்கா, ஆர் எவ்வளவு நிமிசம் நிண்டது எண்டு ஆட்டத்துக்கு ஆட்டம் எழுதித் தந்தியள் எண்டால் எனக்குப் பெரிய உதவி, நீங்கள் கணக்கில கெட்டிக்காரி எண்டு சொல்லினம் என்றா. ஓம் என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வாங்கிலின் நுனியில் இவருடைய மணிக்கூட்டோடு நான் இருக்கிறேன்.

ஒரு ஆட்டம் நாற்பது நிமிடம். ஐந்து பேர் உள்ளே நிற்பார்கள். ஆகவே ஒவ்வொருவரின் நிமிடத்தையும் கூட்டினால் இருநூறு வரவேண்டும். வராவிட்டால் நான் எங்கேயோ பிழை விட்டிருக்கிறேன். இன்ஷிராவின் ஆட்டங்களைக் கூட்டினால் இருபத்தொன்று, பதினெட்டு, பதினாறு, ஒன்பது என்று பன்னிரண்டு பெயருக்கும் ஏதோ ஒன்று விழுந்து இருநூறு வரும். ஒருநாள் சரிபார்க்கப் பழைய கொப்பியை எடுத்தேன். அங்கே அநேகமான ஆட்டங்களில் ஐந்து பெயர்தான். ஐந்து நாற்பது இருநூறு. சரி என்று அடியில் கோடு போட்டு மூடியிருக்கிறேன். வாங்கிலில் இருந்த ஏழு பேரின் பெயரைக்கூட எழுதவில்லை.

போன வருடம் லக்சிகா பதினொரு ஆட்டத்துக்கும் சேர்த்து விளையாடியது ஒன்பது நிமிடம் சிஸ்ரர். அவளுடைய அம்மா இராசம்மா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முருங்கனிலிருந்து பஸ் ஏறி வந்து, சோற்றுப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டுப் போவா. அந்த மனுசி ஒரு பெட்டிசமும் எழுதவில்லை. என் பிள்ளை பதின்மூன்று நிமிடம் என்றதற்கு நான் இரண்டு பக்கம் எழுதினேன்.

இதை உங்களுக்கு எழுதுவது உங்களைக் குறை சொல்ல அல்ல. ஐந்து பேரை மட்டும் இறக்கிவிட்டு நீங்கள், ஐந்து அப்பம் போதும் நிறஞ்சலா, அதை வைச்சே ஆண்டவர் ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு குடுத்தவர் என்று பகிடி விடுவீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். மிச்சம் பன்னிரண்டு கூடை நிறைய இருந்தது என்று அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறதை நாங்கள் இரண்டு பேருமே வாசிக்காமல் விட்டுவிட்டோம் போல.

நாங்கள் எப்போதும் கடைசிக் கால்பகுதியில்தானே தோற்போம்? இந்த முறை இறுதி ஆட்டத்தில் மூன்று கால்பகுதி முடிய நாங்கள் ஆறு புள்ளி பின்னுக்கு.  அப்போது பார்த்தேன், எதிர் அணிப் பிள்ளைகள் ஐந்து பேரும் கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்குகிறார்கள். முந்தி எங்கள் பிள்ளைகள் நின்ற அதே நிலை. எங்கள் பக்கம் இன்ஷிரா புதிய மூச்சாக மூன்று பேரை உள்ளே விட்டா. அதில் ஒருத்தி மதுஷிகா. கடைசிப் பத்து நிமிடத்தில் பதினேழு புள்ளி எங்களுக்கு, அவர்களுக்கு ஆறுதான். மகள் அன்றைக்கு மொத்தம் பதினான்கு நிமிடம். வீட்டுக்கு வந்து சொல்கிறாள், அம்மா, முந்தி நான் பாதியில செத்துப்போய் நடந்து திரிவன், இப்ப நிக்கிற நேரமெல்லாம் ஓடுறன் என்று.

தவக்காலத்துக் கதையையும் எழுதாமல் விட மனமில்லை. இந்த வருடம் விபூதிப் புதனும் அவர்களுடைய நோன்பும் ஒரே கிழமையில் தொடங்கின. இன்ஷிரா ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லாமல் மூன்றரையிலிருந்து ஆறு மணிவரை பயிற்சி கொடுப்பா. அதைப் பார்த்து எங்கள் பிள்ளைகளும் போத்தலை அவவுக்கு முன்னால் திறக்கமாட்டார்கள், ஒளித்துத்தான் குடிப்பார்கள். பாங்கு சொல்லும் நேரத்துக்கு அவவின் தாய் உம்மு குல்சூம் ஓட்டோவில் நோன்புக் கஞ்சி கொண்டு வருவா, எல்லோருக்கும் சேர்த்து. முதல் வெள்ளிக்கிழமை எங்கள் பிள்ளைகள் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம், இறைச்சி கிடக்குமோ என்று ஒருத்தரும் கோப்பையை நீட்டவில்லை. அந்தம்மா சிரித்துவிட்டு, குடியுங்கோ பிள்ளையள், இண்டைக்கு இறைச்சி போடேல்ல, நானும் இந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சனான், வெள்ளிக்கிழமை எனக்குத் தெரியாதா, இறால்தான் போட்டிருக்கு என்றாவாம். உடனே லக்சிகா, ஐயோ உம்மா, வெள்ளிக்கிழமை எனக்கு இறாலும் ஆகாதே என்றாளாம். அடுத்த வெள்ளி வந்த கஞ்சியில் இறாலும் இல்லை. இஞ்சி, உள்ளி, தேங்காய்ப்பால், அவ்வளவுதான்.

எங்கள் சமய ஒழுக்கம் அறிந்த ஒருவர் வேண்டும் என்று எழுதிய கை இது. அன்றைக்குச் சிலுவைப் பாதையில் மூன்றாம் தலத்துக்கு மேல் என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். இம்மாதம் இருபத்தைந்தாம் திகதி இன்ஷிராவுக்கு நிரந்தர நியமனத்துக்கான நேர்முகம். அவவின் நியமனக் கோவைக்குள் அந்தப் பெட்டிசம் இருக்கிறது. நான் வீடுவீடாகப் போய் முப்பத்தொரு பேரிடமும் திரும்பக் கையெழுத்து வாங்கி, வாபஸ் கடிதம் அதிபரிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு பேர் கதவடியில் வைத்து ஏசினார்கள், ஆனாலும் வைத்தார்கள். அதிபர் வாசித்துவிட்டு, பெற்றாரின்ர பக்கம் சரி, ஆனால் சிஸ்ரர் சொன்னதாக ஒரு வரி கிடக்குதே, அதைச் சிஸ்ரர்தான் வெட்டவேணும் என்றார். ஒன்பது வருடம் அணியை வளர்த்தவரே வேண்டாம் என்கிறார் என்றால் மேலிடத்தில் யோசிப்பார்களாம்.

(இவ்வளவும் எழுதிவிட்டு இரண்டு நாள் கடிதத்தைப் பைபிளுக்குள் வைத்துவிட்டேன். இன்று வெள்ளிக்கிழமை.)

உங்களுக்குச் சொல்லும் முன் அவவுக்குச் சொல்வதுதான் முறை என்று பட்டது. நேற்றுப் பயிற்சி முடிந்து பிள்ளைகள் போனபின், தங்கச்சி, அந்தப் பெட்டிசத்தை எழுதினது நான்தான் என்றேன். அவ பந்துகளை வலைப்பைக்குள் போட்டுக்கொண்டே, ஓம் அக்கா, தெரியும் என்றா. பெப்ரவரியிலேயே அதிபர் வாசிக்கக் கொடுத்தவராம். என்ர மேல கோபம் வரேல்லையோ என்று கேட்டேன். அந்தச் சமயக் கதையை வாசிக்கேக்க வந்தது, ரெண்டு நாள் உம்மாட்டையும் சொல்லேல்ல என்றா. பிறகு சொன்னா, ஆனால் நிமிசத்தில ஒரு பிழையும் இல்லை அக்கா, அவ்வளவு துப்பரவாக எழுதின ஆள் ஆர் எண்டு விசாரிச்சுத்தான் உங்கட வாசலுக்கு வந்தனான் என்று.

நான் அழுதுவிட்டேன். அவ பந்துப் பையின் ஒரு பக்கத்தை என்னிடம் தந்து, பிடியுங்கோ, பாரமாக் கிடக்கு என்றா. இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போய் அறைக்குள் வைத்தோம்.

சிஸ்ரர், உங்களிடம் நான் கேட்பது இரண்டு வரி. நான் அப்படிச் சொல்லவில்லை என்று ஒரு வரி. மற்றது உங்கள் மனம் எப்படிச் சொல்கிறதோ அப்படி. முத்திரை ஒட்டி, அதிபரின் முகவரி எழுதிய உறையொன்று உள்ளே வைத்திருக்கிறேன். என்மேல் கோபிக்க உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு. அந்த இரண்டு வரியையும் தபாலில் போட்டுவிட்டுப் பிறகு ஆறுதலாகக் கோபியுங்கள், நான் எங்கேயும் போகமாட்டேன்.

இரவுச் செபமாலையில் ஒரு அருள்நிறைந்த மரிக்கு ஒரு பிள்ளையாகச் சொல்கிறேன். ஒரு பத்தின் மணிகளுக்குள் பன்னிரண்டு பேர் அடங்கமாட்டார்கள். லக்சிகாவும் கடைசியாகச் சேர்ந்த ஜெஸ்லியாவும் அடுத்த பத்துக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்குப் பக்கத்து மணி இன்ஷிராவுக்கு. அதற்கடுத்தது உங்களுக்கு. அந்த மணிக்கு வந்தால் கை நகர நேரம் எடுக்கிறது. எத்தனை நிமிடம் என்று எழுதி வைப்பதில்லை.

ஹற்றன் குளிரில் மாதா தன் முந்தானையால் உங்கள் முழங்காலை மூடட்டும்.

உங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
நிறஞ்சலா மில்ரன்

பி.கு. அணிப் படம் ஒன்று வைத்திருக்கிறேன். நடுவில் கிண்ணத்தோடு நிற்பது லக்சிகா. வலது பக்கம் ஓரத்தில் ஒரு கதிரை வெறுமையாக இருக்கும். இன்ஷிராதான் போடச் சொன்னா. பிள்ளைகள் ஆருக்கு மிஸ் என்று கேட்டதற்கு, ஹற்றனில இருக்கிற ஆளுக்கு என்று சொன்னவ.