வேலிக்கு அப்பால் ஒரு பெயர்

அன்புள்ள அண்ணிக்கு,

எனக்கு மூன்றாவதும் பெண் பிறந்தபோது, அத்தை என்ற உரிமையில் அவளுக்கு ருவெங்கோ, அதாவது வெறுப்பு, என்று நீங்கள் பெயரிட்டீர்கள். பிள்ளை பெயரைச் சொல்லித் தாயை அழைக்கும் நம் வழக்கப்படி, பதினேழு வருடமாக ஊரார் என்னை ‘வெறுப்பின் தாய்’ என்றே மரியாதையாக அழைக்கிறார்கள்.

நேற்று நீங்கள் ஹராரேயில் இருந்தபோது உங்கள் மருமகளுக்குப் பிரசவமானது. பக்கத்து வீட்டுக்காரி நான்தான் உடனிருந்தேன். பெயர் சொல்லச் சொன்னாள். ருரெகெரெரோ என்றேன்: மன்னிப்பு.

“நல்ல பேருதான் அத்தை. மாமியார் என்ன சொல்வாங்களோ?”

“என்ன சொல்வாங்க? தினமும் வேலிக்கு அந்தப்பக்கம் நின்னு ‘மன்னிப்பு, மன்னிப்பு’ன்னு கூப்பிடுவாங்க. இந்தப்பக்கம் நான் இருப்பேன்.”

பிறப்புச் சீட்டில் எழுதியாகிவிட்டது. பேத்தி அப்படியே உங்கள் ஜாடை. ஒரு தடவை கூப்பிட்டால் காதில் வாங்கமாட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி